கட்டுப் பிரிக்காத ரோஜா

டிஞ்சர் வாசனையும் ஈரமண் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் அம்மாவின் வெள்ளைச் சேலைதான் கண்ணுக்கு வரும். மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அம்மா, "டியூட்டி" முடிந்து வந்ததும் சேலைகூட மாற்றாமல், எங்கள் வாடகை வீட்டு வாசலில் நின்ற ரோஜாச் செடியின் முன் குந்தி, அதன் இலையைப் புரட்டிப் பார்த்த பிறகே பிள்ளைகள் பக்கம் திரும்புவாள். பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தோம், வாடிக்கொண்டிருந்தது செடி.

அதற்கு முன் தம்பி டைபாய்டில் கிடந்தபோது, அவன் பிழைத்தால் வீட்டில் பூக்கும் முதல் ரோஜாவைச் செப்டம்பர் மாதா திருநாளுக்குப் பீடத்தில் வைப்பதாக அம்மா நேர்ந்துகொண்டிருந்தாள். வீட்டில் ஒரு செடிகூட இல்லாத நிலையில் இப்படி நேர்ந்துகொண்டது நடைமுறைப்படி தவறு. தம்பி எழுந்தான், ஓடினான், பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். மாதா தன் பங்கை முடித்துவிட்டாள்.

ஜூன் மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, வேர்மண்ணைப் பாலிதீன் தாளில் சுற்றிக் கட்டிய ஒட்டுச்செடியை அம்மா பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். "கட்டை யாரும் அவிழ்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்கு ஓடினாள். நர்ஸ் வீட்டில் கட்டு என்றால் சொல்லாமல் தொடக்கூடாது என்பது பத்து வயதான எனக்குத் தெரியும். ஒத்தாசையாக இருக்கட்டும் என்று நானே குழி தோண்டி, கட்டுக் கலையாமல் செடியை இறக்கி மண்ணை மூடினேன். பாராட்டும் கிடைத்தது.

மூன்று வாரத்தில் அடியிலை மஞ்சளானது, துளிர் கருகியது. அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, வார்டில் செய்வதுபோல ஒரு "சார்ட்" தயாரித்து, குச்சியில் தொங்கவிட்டாள்: உள்ளே போன தண்ணீர், பட்ட வெயில், உதிர்ந்த இலை. வேப்பம்புண்ணாக்கும் முட்டையோட்டுத் தூளும் வேளை தவறாமல் கொடுக்கப்பட்டன. ஆகஸ்ட் பிறந்தபோது மிச்சம் ஏழு இலை. அந்த வாரம்தான், வேருக்கும் காற்று வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் மிஸ் சொன்னாள். நான் கட்டோடு புதைத்த பாலிதீன் தாள் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவிடம் அதை மறைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, அம்மாவின் வார்டு ஆயாவான கொள்ளேகால் பொன்னாத்தா காபி குடிக்க வந்தாள்.

"ஏனுங் சிஸ்டர், சார்ட்டெல்லாம் போட்டிருக்கறீங்க. கேஸு ரொம்ப சீரியஸுங்களா?"

"சிரிக்காதே பொன்னாத்தா. எல்லா வைத்தியமும் பார்த்தாச்சு."

பொன்னாத்தா விரலால் மண்ணைக் கிளறினாள். பாலிதீனின் நுனி வெளியே வந்தது. "அட்மிட் பண்ணி ரெண்டு மாசமாச்சு, இன்னும் கட்டே பிரிக்கலீங்களே!"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானேம்மா அவிழ்க்கக் கூடாதுன்னு சொன்னீங்க" என்று ஆரம்பித்த நான், பத்து நாளாகத் தெரியும் என்பதையும் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. செடியைத் தோண்டி, தாளைக் கிழித்து, மறுபடி நட்டு, கை கழுவி வந்து சார்ட்டில் எழுதினாள்: "நடும்போது கட்டைப் பிரிக்கச் சொல்லவில்லை. சிஸ்டரின் தவறு." கீழே கையெழுத்து. பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினாள். "பத்து நாள் மறைச்சது உன்னுது. அதை நீ எழுது."

எழுதினேன்.

திருநாளன்று செடியில் இருந்தது மிளகளவு மொட்டு ஒன்று. அம்மா வெறுங்கையோடு கோயிலுக்குப் போய்த் தவணை கேட்டு வந்தாள். பூச்சி கடித்த ஓரத்தோடு அக்டோபரில் ஒரு பூ பூத்தது; பீடத்தில் வைத்தோம். தாமதத்துக்கு மாதா விளக்கம் கேட்கவில்லை.

அந்த வீடு இப்போது அடுக்குமாடிக் கட்டடம். அம்மாவும் பொன்னாத்தாவும் இல்லை, சார்ட்டும் இல்லை. முப்பத்தைந்து வருட அரசாங்க வேலையில், தவறு யாருடையது என்று ஆராய்ந்த கோப்புகள் எத்தனையோ என் மேஜையைக் கடந்தன. எல்லாவற்றிலும் தவறு கீழே இருப்பவருடையது. மேலே இருப்பவர் தானாக எழுதிக் கையெழுத்திட்ட தாள், நான் பார்த்தவரை, அந்தக் காலண்டர் தாள் ஒன்றுதான்.

போன வாரம், வீட்டு வேலைக்கு வரும் அம்மாளைக் கொண்டு என் பால்கனித் தொட்டியில் புதிதாக நடவைத்த ரோஜா மஞ்சளானது. செல்போன் பதினொரு நோய்களைச் சொன்னது. தொட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் துளையே இல்லை. "ஏம்மா, துளை போடச் சொன்னேனே!" என்று அந்த அம்மாளைக் கூப்பிட வாயெடுத்தேன். நான் சொல்லவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

பென்சிலைத் தேடப் போனேன்.