துரை தலை சாய்த்தால்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தைய வருஷம், வெள்ளைக்காரன் எப்போது போவான் என்று மலாக்காவே காத்துக்கொண்டிருந்தபோது, எனக்கு மட்டும் ஒரு வெள்ளைக்காரர் அவசரமாகத் தேவைப்பட்டார்.

நான் அப்போது ஒரு சீன முதலாளியின் வாடகைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். சர்க்கார் அலுவலகம் ஒன்றில் நிரந்தர டிரைவர் வேலை காலியாகப் போவதாகக் கேள்விப்பட்டேன். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குச் சான்றிதழ் ஏது? அப்படிப்பட்டவன், இவன் நல்லவன் என்று ஒரு துரை எழுதிக் கொடுத்த கடிதமாவது காட்டியாக வேண்டும். துரைமார்களோ மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுத ஒருவராவது மிஞ்சுவாரா என்று கவலை. மனைவிக்கு வேறு மூன்றாவது மாசம்.

அந்த நேரத்தில்தான் லண்டன் பார்லிமெண்ட் மெம்பர் ஒருவர், நம் நிலைமையை ஒரு வாரம் ஆராய வந்தார். எங்கள் காரைத்தான் அமர்த்தினார்கள்.

காஜா பேராங்கில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மனைவியின் அண்ணன் இருந்தார். இங்கிலீஷ் பள்ளியில் ஏழாவது வரை படித்தவர்.

"என்னா மாப்ள, பார்லிமெண்டையே தூக்கிட்டுப் போறீங்க. பாத்து, பள்ளத்துல எறக்கிடாதீங்க."

அவர் சொன்னதும் எனக்கு ரோட்டிலுள்ள பள்ளமெல்லாம் கண்ணில் வந்து நின்றது. திங்கட்கிழமை காலை நான்கு டயரையும் மூன்று தடவை உதைத்துப் பார்த்தேன்.

துரை ஒரு செயலாளரோடும் டைப்ரைட்டர் பெட்டியோடும் வந்திருந்தார். பண்டார் ஹிலிரில் வியாபாரிகள் கூட்டம், அப்புறம் ஆஸ்பத்திரி, மறுநாள் ரப்பர் தோட்டம். எங்கே போனாலும் ஒரு மாலை, ஒரு கிளாஸ் ஆரஞ்சுத் தண்ணி, ஒரு மனு. அவர் கேட்கிற அழகு இருக்கிறதே, சொல்கிறவருக்கே கண் கலங்கிவிடும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை இடது பக்கம் சாய்ப்பார். "ஐ ஷால் லுக் இன்ட்டு இட்" என்பார். உடனே வந்து காரில் ஏறிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் எனக்கு வேலை பிடிபட்டுவிட்டது. தலை சாய்ந்தால் இஞ்சினைக் கிளப்ப வேண்டும். செயலாளர் "வெரி குட் டிரைவர்" என்றார். கடிதம் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

புதன்கிழமை புக்கிட் காதிலில் ஒரு அம்மாள், கிணற்றுத் தண்ணீர் சிவப்பாக வருவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலை சாய்ந்தது. நான் சாவியைத் திருப்பினேன். அவள் சொன்ன மிச்சம் இஞ்சின் சத்தத்தில் போய்விட்டது. அவள் துரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். இரண்டு நாளைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை துரை கிளப்பில் ஓய்வெடுத்தார். வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரர்களிடம், மலாயா மக்களின் மனசை நன்றாகத் தெரிந்துகொண்டதாகச் சொன்னாராம். அதுவரை என் பெயரை அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை பத்து பெரெண்டாம் விமானத் திடலில் இறக்கிவிட்டேன். மச்சான் சொல்லிக்கொடுத்து, வாரம் முழுக்க மனப்பாடம் செய்த, நற்சான்றுக் கடிதம் கேட்கிற இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொன்னேன். துரை பொறுமையாகக் கேட்டார். எத்தனை பிள்ளைகள் என்றார். இரண்டு விரலைக் காட்டி, யோசித்து, மூன்றாவதையும் பாதி நீட்டினேன். அவர் கண்கூடக் கலங்கியது. பிறகு தலை இடது பக்கம் சாய்ந்தது.

என் கை தானாகவே ஜன்னல் வழியாகப் போய்ச் சாவியைத் திருப்பிவிட்டது. இறங்கிப் போகிறவருக்காகக் கார் உறுமிக்கொண்டு நின்றது. செயலாளர் விலாசத்தைக் குறித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மச்சான் தமிழில் படித்துச் சொன்னார்.

"'அன்புள்ள ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது.' நீங்க எப்ப மாப்ள கடிதம் போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்?"

"'தாங்கள் குறிப்பிட்ட விஷயம் என் கவனத்தில் இருக்கிறது.' அவ்வளவுதான். டிரைவருன்னு ஒரு வார்த்த கெடையாதுலா. எல்லாருக்கும் அடிச்ச கடுதாசியில ஒன்னு ஒங்களுக்கும்."

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். மச்சான் தாளைத் தடவிப் பார்த்தார்.

"ஆனா தாள் நல்ல தாளு. மேல கிரீடம் பாருங்க. கொண்டு போய்க் குடுங்க."

"படிச்சுட்டா?"

"கிரீடத்தத் தாண்டி எவன் மாப்ள படிக்கப் போறான்?"

அவர் சொன்னபடியே நடந்தது. அலுவலகத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, தாளைப் பிரித்தார், கிரீடத்தைப் பார்த்தார். "பார்லிமெண்டா?" என்று கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது. மறுபடி மடித்துக் கோப்பில் வைத்தார். அடுத்த வாரம் வேலையில் சேர்ந்தேன்.

சுதந்திரமும் வந்தது. பின் சீட்டில் நம் ஆட்களே உட்கார்ந்தார்கள். மாலையும் ஆரஞ்சுத் தண்ணியும் மனுவும் மாறவில்லை, தலை மட்டும் சிலருக்கு வலது பக்கம் சாய்ந்தது. நான்தான் உடனே இஞ்சினைக் கிளப்புவதில்லை.

"என்னா டிரைவர், காடி ரோசாக்கா, கெட்டுப்போச்சா?" என்பார்கள்.

"இல்லீங்க துவான், சாவியக் காணோம்."

இதற்காக என் கோப்பை எடுத்து, அந்தக் கடிதத்தை யாராவது கடைசி வரை படித்துவிட்டால் என் கதி என்ன என்று ஒவ்வொரு தடவையும் பயமாக இருக்கும். பயந்துகொண்டேதான், மனு கொடுக்கிறவர் பேசி முடிக்கிற வரைக்கும், சட்டைப் பையில் இருக்கிற சாவியைச் சீட்டுக்கு அடியில் தேடுவேன்.