குடை பிடித்த யானை

தீப்பெட்டிப் படங்கள் சேர்க்கும் நாங்கள் மாதம் ஒரு ஞாயிறு காலையில் சுங்கை பினாங்கில் கூடுவோம். என்னிடம் மட்டுமே இருப்பதாக நான் பீற்றிக்கொண்ட ‘குடை பிடித்த யானை’ படத்தை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். யாராவது கசக்கிவிடுவார்களோ என்று பயம். அசலை அலமாரியில் பூட்டிவிட்டு, கலர் ஃபோட்டோஸ்டேட்டை வெட்டிக் கொண்டுபோனேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

கெப்பாலா பத்தாஸிலிருந்து மோட்டாரில் வந்திருந்த அமுதா மட்டும் அதைத் தடவிப் பார்த்தார். கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்து ஓர் உறையை நீட்டினார். உள்ளே அசல் யானை!

“எங்கிட்ட ரெண்டு இருக்குண்ணே. ஃபோட்டோஸ்டேட்ட வச்சே இவ்ளோ ஆசையா பேசுறீங்க, மனசு கேக்கல. எடுத்துக்குங்க லா.”

“இல்லம்மா… என்னோடது வீட்டுல பத்திரமா இருக்கு” என்று உளறினேன்.

அமுதா விழுந்து விழுந்து சிரித்தார். “அப்போ உங்க யானைக்கு ஜோடி கெடைச்சிருச்சு. அடுத்த மாசம் ரெண்டையும் கூட்டிட்டு வாங்க!”

கூட்டிக்கொண்டு போனேன். யாரோ கோப்பி குடித்த கையோடு தொட்டதில், என் யானையின் குடையில் இப்போது ஒரு கறை. யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.