மான் வாரத்தில் வெர்னா

நீதிமன்றத்தின் இரண்டாவது மாடியில், காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்துப் பெஞ்சின் நட்டநடுவில் வெர்னா டோலெஃப்ஸன் உட்கார்ந்துவிட்டால் அன்று காலை முழுக்க அந்தப் பெஞ்சு வேறு யாருக்கும் கிடைக்காது. இடப்பக்கம் கைப்பை, வலப்பக்கம் மடித்த மேல்கோட்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் எவ்வளவு குறைக்கலாம் என்று அரசு வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் காலங்காலமாகப் பேரம் பேசிவந்த இடம் அது. இப்போது அவர்கள் வெர்னாவின் தலைக்கு மேலே குனிந்துதான் கிசுகிசுக்க வேண்டியிருக்கிறது.

“கொஞ்சம் தள்ளி உக்காரக் கூடாதா வெர்னா?” என்பார் எதிர்த்தரப்பு வக்கீல் க்ரேக் மீல்கி.

“எதுக்கு? நான் செவிடுன்னு நெனச்சுக்கிட்டுப் பேசு. ரகசியம்னா உன் கார்ல போய் உக்காந்து பேசு.” கைப்பையிலிருந்து ஒரு கறுப்பு மிட்டாய் வெளியே வரும். “இந்தா, வாயில போட்டுக்க. அது கரையற வரைக்குமாவது நல்ல புள்ளையா இருப்ப.”

உப்புக் கரிக்கும் அதிமதுர மிட்டாய். இந்தக் கட்டடத்தில் யாருக்கும் அது பிடிக்காது. வேண்டாம் என்று சொன்னவரும் இல்லை.

வெர்னாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பாதி ஆயுள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கடைசி வரிசையில் குத்துச்சண்டை போடும் பையனை, திரும்பிப் பார்க்காமலே உட்காரவைத்த குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போது பெண்கள் காப்பகத்தில் வேலை. புருஷனிடமோ காதலனிடமோ அடிபட்டு வழக்குக்கு வரும் பெண்களோடு கூடவே வந்து, கூடவே உட்கார்ந்து, கூடவே போவார். வக்கீல் அல்ல, நீதிபதி முன்னால் வாய் திறக்க அவருக்கு உரிமை இல்லை. நீதிபதிக்குக் கீழ்ப்படியில் அமர்ந்து முடிவுகளைப் பதியும் குமாஸ்தாவான எனக்கும் அந்த உரிமை இல்லை. எனக்கு அது நிம்மதி. அவருக்கு அது தினசரிக் கோபம்.

எங்கள் சின்ன மாவட்டமான கிரெஸ்லின் கவுண்டியில் கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமே மன்னிப்புக் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தும் வெர்னாவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. யாராவது போகிறபோக்கில், “கொஞ்சம் கழுத்தைப் புடிச்சிருக்கான் போல” என்று சொல்லிவிட்டால் போதும்.

“கொஞ்சமா? கை உன் கழுத்துல இருக்கும்போது கொஞ்சம்னா எவ்வளவுன்னு யாருப்பா அளக்கறது?”

கழுத்தை நெரித்தல் எங்கள் சட்டத்தில் பெருங்குற்றம். ஆனால் எங்கள் நீதிமன்றத்துக்கு நெரித்தல் என்று வரும் வழக்கு நெரித்தல் என்றே முடிவது அபூர்வம். கழுத்தில் தழும்பு இருக்காது. குரல்தான் கம்மியிருக்கும், அதைப் புகைப்படம் எடுக்க முடியாது. அந்தப் பெண் பயந்து வராமல் போவாள். தீர்ப்புச் சொல்ல ஜூரியில் உட்காரும் ஊர்க்காரர்கள் காயம் எங்கே என்பார்கள். எனவே காப்பி இயந்திரத்தருகே வழக்கு இளைக்கத் தொடங்கும். நெரித்தல் அடிதடியாகும். அடிதடி ஒழுங்கீன நடத்தையாகும். அது குடித்துவிட்டுத் தெருவில் பாடியவனுக்கும் போடுகிற குற்றம். நான் பதியும்போது கழுத்து என்ற சொல்லே எங்கும் மிஞ்சியிருக்காது.

நவம்பரில் இந்த இளைப்பு வேகமெடுக்கும். மான் வேட்டை சனிக்கிழமை தொடங்கும். அதற்கு முந்தைய திங்கட்கிழமை எங்கள் மாடி நிரம்பி வழியும். பெண்டாட்டியை அடித்ததாகத் தீர்ப்பானால், அது எவ்வளவு சின்னக் குற்றமானாலும், துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. ஒழுங்கீன நடத்தைக்கு அந்தத் தடை இல்லை. வழக்கு முடியும்வரை கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரீஃபின் அலுவலகத்தில் பூட்டிவைத்த துப்பாக்கியை அன்றைக்கே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். நீதிபதியும் வேட்டைக்காரர், இரண்டு வக்கீல்களும் வேட்டைக்காரர்கள். அப்பா கொடுத்த துப்பாக்கியை ஒருவனிடமிருந்து பறிப்பது கையை வெட்டுவதுபோல என்று எல்லாருமே மனதார நம்புகிறவர்கள். வெர்னா இதை மான் வாரம் என்பார்.

“மானுக்கு ஒரு வாரம் முன்னாடி எல்லாப் பயலும் திருந்திடறான் பாரு.”

போன மான் வாரத்தில் டேல் ருஸ்டாட்டின் வழக்கு வந்தது. அவன் மனைவி மார்லா, பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவள், பெஞ்சில் வெர்னா ஒதுக்கித் தந்த ஒரு சாண் இடத்தில் ஒடுங்கியிருந்தாள். அரசு வக்கீல் பிரெண்ட் ஆஸ்கார்ட் வந்தார். நல்ல மனிதர், கையில் இருபது வழக்குகளோடு எப்போதும் ஓடிக்கொண்டிருப்பவர்.

“ஒழுங்கீன நடத்தைக்கு ஒத்துக்கிறான் வெர்னா. இவங்களும் போன்ல சரின்னுட்டாங்க.”

“நீ போன் பண்ணப்ப இவ அடுப்படியில யாரு இருந்தான்னு கேட்டியா?”

பிரெண்ட் மார்லாவைப் பார்த்தார். காற்று மட்டும் வருவதுபோன்ற குரலில் மார்லா சொன்னாள்: “அவரோட அண்ணன். மேசையில உக்காந்து காப்பி குடிச்சிட்டிருந்தார்.”

பிரெண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கழுத்துல ஒரு கீறல் இல்ல, சாட்சி இல்ல. விசாரணைக்குப் போனா தோத்துடுவேங்க. இப்படியாவது ஏதோ ஒரு தீர்ப்பு கிடைக்கும்.”

“ஏதோ ஒண்ணு,” என்றார் வெர்னா. “அந்த ஏதோ ஒண்ணோட சேத்து துப்பாக்கியையும் இவ வீட்டுக்கு அனுப்பற.”

பேரத்தை நிறுத்த வெர்னாவால் முடியாது. நீதிபதியால் முடியும், அதற்கு மார்லா எழுந்து பேச வேண்டும். உள்ளே போகும் வழியில் மார்லா வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் முன்னாடி என்னால பேச முடியாது வெர்னா.”

“முடியலன்னா வேணாம் கண்ணு. நீ உக்காரு. நான் நிக்கிறேன்.”

என்ன செய்தாய் என்று உன் வாயாலேயே சொல், என்று குற்றத்தை ஒப்புக்கொள்பவனிடம் நீதிபதி கேட்பது எங்கள் வழக்கம். டேல் தலைவாரி, டை கட்டி நின்றிருந்தான்.

“வாக்குவாதம் வந்துச்சு. சத்தமாப் பேசிட்டேன். தோள் பக்கமா கைய வெச்சேன். தப்புதான்.”

நீதிபதி தலையசைத்தார். “பாதிக்கப்பட்டவங்க ஏதாவது சொல்லணுமா?”

அவர் பேனாவை எடுத்தார். வெர்னா எழுந்து நின்றார்.

“உங்களுக்குப் பேச அனுமதி இல்ல, மிஸ் டோலெஃப்ஸன்.”

“தெரியும், யுவர் ஆனர். பேசல. நிக்கிறேன்.”

“உக்காருங்க.”

“முட்டி பிடிச்சுக்கிச்சு. உக்கார நேரமாகும்.”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். காவலர் இரண்டடி முன்னால் வந்தார். அவரும் சின்ன வயதில் வெர்னாவின் பேருந்தில் பள்ளிக்குப் போனவர்; இரண்டடியோடு நின்றுவிட்டார்.

“நீதிமன்ற அவமதிப்புன்னு எடுத்துக்க வேண்டியிருக்கும்,” என்றார் நீதிபதி.

“எடுத்துக்குங்க.”

என் விரல்கள் விசைகளின் மேல் அந்தரத்தில் நின்றன. அதைப் பதிவதா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது வெர்னாவின் முழங்கைக்குப் பக்கத்தில் இன்னொரு தலை எழுந்தது. மார்லா பேசத் தொடங்கிவிட்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சுருக்கெழுத்துக்காரர் கையை உயர்த்தினார்.

“கேக்கல மேடம். கொஞ்சம் சத்தமா.”

“இவ்வளவுதாங்க சத்தம் வரும்,” என்றாள் மார்லா. “மூணு வாரமா இவ்வளவுதான் வருது.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேசைமேல் சாய்ந்தார்.

“தோள்ல வைக்கல. கழுத்துல வெச்சார், ரெண்டு கையையும். விளக்கை யாரோ அணைக்கிற மாதிரி இருந்துச்சு. போன்ல சரின்னு சொன்னேன். இப்ப சரின்னு சொல்லல. சனிக்கிழமைக்குன்னு துப்பாக்கி வீட்டுக்கு வந்தா, அடுத்த தடவ இங்க வந்து சொல்றதுக்கு நான் இருக்க மாட்டேன்.”

இதற்கு என்ன சொல்கிறாய் என்று நீதிபதி டேலைக் கேட்டார். அவனுடைய வக்கீல் க்ரேக் மீல்கி, பேசாதே என்பதுபோல, அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

“இந்த ஒப்பந்தத்தை நான் ஏத்துக்கல,” என்றார் நீதிபதி. “பிப்ரவரியில விசாரணை. அதுவரைக்கும் துப்பாக்கி ஷெரீஃப்கிட்டயே இருக்கட்டும். இப்பவாவது முட்டி சரியாச்சா, மிஸ் டோலெஃப்ஸன்?”

“ஆயிடுச்சு, யுவர் ஆனர்.”

கழுத்தை நெரித்தல், விசாரணைக்கு, என்று பதிந்தேன்.

நடைக்கூடத்தில் பிரெண்ட் பின்னாலேயே ஓடி வந்தார். “பிப்ரவரியில தோக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம், சொல்லிட்டேன்.”

“தோப்போம்,” என்றார் வெர்னா கோட்டை மாட்டியபடி. “கழுத்துன்னு வெளிய சொல்லித் தோப்போம்.”

பிரெண்ட் சன்னல் வழியாகக் கீழே காட்டினார். வாசல் படிகளில் டேலின் அண்ணனும் இன்னும் நாலைந்து ஆண்களும் நின்றிருந்தார்கள். எல்லார் மேலும் வேட்டைக்கான ஆரஞ்சு நிற ஜாக்கெட். “பின்படி வழியாப் போயிடுங்க. காவலரைக் கூட அனுப்பறேன்.” இப்படிப்பட்ட பெண்கள் எப்போதும் அந்த வழியாகத்தான் போவார்கள். என் காரும் அங்கேதான் நிற்கும்.

“எந்தப் பக்கம் போகலாம்?” என்று வெர்னா மார்லாவைக் கேட்டார். மார்லா சன்னல் வழியே கீழே பார்த்துவிட்டு முன்படியைக் காட்டினாள்.

இடைவேளை நேரம். நானும் எதற்கென்று தெரியாமல் அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. ஆண்கள் ஒதுங்கவில்லை, இருபக்கமும் நின்று ஓர் ஆள் போகிற அளவுக்கு மட்டும் வழி விட்டார்கள்.

“சந்தோஷமா கெழவி?” என்றான் அண்ணன். “ஒரு குடும்பத்தைப் பிரிச்சு வெச்சாச்சு. சனிக்கிழமை வரும்ல, ஊரே காட்டுல இருக்கும். அப்ப யாரு வந்து உங்களோட நிப்பான்னு பாக்கலாம்.”

மார்லாவின் கால் ஒரு படியில் நின்றுவிட்டது. வெர்னா அவளை இழுக்கவில்லை. கைப்பையை அவளிடம் கொடுத்தார். அந்த ஆண்களுக்கு நடுவில், அண்ணனுக்கு முதுகைக் காட்டி, படியில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்தார். கோட்டின் காலர் விலகி வெள்ளைப் பிடரி அவர்கள் கண்ணுக்கு நேரே தெரிந்தது. பூட்ஸ் கயிற்றை இழுத்து, நிதானமாக இரட்டை முடிச்சுப் போட்டார். பிறகு மற்றக் காலின் முடிச்சை, அது இறுக்கமாகத்தான் இருந்தது, அவிழ்த்து முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்.