கதிர் படாத பை

பழ ஈ வளர்க்கும் கூடத்தில் நான் ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. எட்டாவதோடு பள்ளியை விட்டவன். மதுக்கரையில் சிமெண்டு மூட்டை ஏற்றினேன், சத்தியமங்கலத்தில் வாழைத்தார் வெட்டினேன், எங்கும் நிலைக்கவில்லை. கோவையில் ஈக்குத் தீனி போட ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். புளித்த தீனியின் வாடை துவைத்தாலும் சட்டையை விடாது. பேருந்தில் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

கூட்டுப்புழுக்களைச் சலித்து, காட்டு ஈயிலிருந்து பிரித்தறியப் பச்சைச் சாயப்பொடியில் புரட்டி, காகிதப் பைகளில் கட்டி, காமாக் கதிர் அடிக்கும் அறைக்கு அனுப்புவோம். கதிர் பட்ட ஈ பறக்கும், இணை சேரும். ஆனால் முட்டை பொரிக்காது. இப்படித் தோட்டத்தில் நிறைய விட்டுக்கொண்டே இருந்தால் காட்டு ஈ குறையும். கதிர் கூடிவிட்டால் ஈ சோம்பி ஓரமாக உட்கார்ந்துவிடும். குறைந்துவிட்டால் வழக்கம்போலப் பெருகும். ஒவ்வொரு பையிலும் மஞ்சள் வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். கதிர் பட்டால் அது சிவப்பாகும். ஏற்றுமுன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆனைமலைப் பக்கம் ஓர் அக்காவின் கொய்யாத் தோட்டத்தில் விட்டுக்கொண்டிருந்தோம். எங்களை நம்பி நாலு மாதமாக அவர் மருந்தே அடிக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, ஊரே ஈயத் தொரத்துது, நீங்க டிக்கட் எடுத்துக் கூட்டிட்டு வாறீங்க" என்பார், போகும்போதெல்லாம்.

"அதுகளுக்கு டிக்கட் இல்லைங்க்கா. எனக்கு மட்டுந்தான்."

ஒரு நாள் கொண்டுபோன பத்துப் பைகளையும் கிழித்து, உள்ளே கூடு உடைத்து வந்திருந்த ஈக்களைப் பறக்கவிட்டேன். பிறகு வெற்றுப் பைகளைப் பொறுக்கியபோது ஒன்றில் வில்லை மஞ்சளாகவே இருந்தது. முந்தின நாள் இரண்டு ஆள் வேலையை ஒருவனாகச் செய்தேன். சாயம் இருக்கிறதே என்று ஏற்றிவிட்டேன். சாயம் எல்லாப் பைக்கும்தான் போடுகிறோம். அதைப் போட்டவனே நான்தான்.

அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"ஒரு பைதானுங்க, விட்டுருங்க. அந்தம்மாட்டச் சொன்னா மருந்தடிச்சுப்போடுவாங்க. நாலு மாச வேலை வீணாப்போயிரும்" என்றார் அவர்.

அக்கா மரத்தடியில் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பையைக் காட்டிச் சொன்னேன். அவர் கழுவுவதை நிறுத்தவில்லை.

"எத்தனை இருக்கும்?"

"ஆயிரத்துக்கு மேல இருக்குங்க்கா."

"பாதி பொட்டையா?"

"ஆமாங்க."

"முட்டை வெக்க எத்தனை நாளாகும்?"

"பத்து நாளுக்குக் கொறையாதுங்க."

"பழம் பழுக்கவும் அத்தனை நாள் ஆகுமே." கூடையைக் கவிழ்த்து வைத்தார். "காயாவே பறிச்சரலாம். அப்பறம் மருந்து. உங்க நல்ல ஈயும் சேந்துதான் போகும், என்ன பண்றதுங்க?"

"போகட்டுங்க்கா."

"உங்க பொழப்பு?"

"வேற பாத்துக்கலாமுங்க."

மறுநாள் ஆள் பற்றாமல் நானும் பறித்தேன். துவர்க்கும் காய், ஊறுகாய்க் கம்பெனிக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றினார். அவர் கொடுத்த விலையை அக்கா வாங்கிக்கொண்டார். எனக்குத் தண்ணீர் மட்டும் கேட்காமலே கொடுத்தார்.

மூன்றாம் நாள் மருந்து அடித்தார்கள். அது காய்ந்ததும் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தேன். இலைகளின் மேல் செத்துக் கிடந்த ஈக்களில் நாங்கள் விட்டவையெல்லாம் தலையில் பச்சையோடு இருந்தன. எது கதிர் பட்டது, எது படாதது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அக்கா வரப்பில் நின்று, "எல்லாம் செத்திருச்சுங்களா?" என்று கேட்டார். கண்ணுக்குத் தெரிந்தவரை செத்துவிட்டன என்றேன். அடுத்த பூ வந்து காய் பிடித்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கூடைகளை எடுக்கப் போனார்.