முதலில் காட்டியவர்

வீடு தேடுவதற்கு முன்னால் நல்ல ஏஜென்டைத் தேடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர் ஹெப்பாளில் (பெங்களூர் ஹெப்பாள் வேறு) ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எதைத் தொடங்கினாலும் எங்கெல்லாம் பிசகலாம் என்று முதலில் எழுதிவைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

எங்களுக்கு அவகாசம் அதிகம் இல்லை. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாக அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் வரை இருந்துகொள்ளலாம். அது ஒன்று. இன்னொன்று அம்மாவின் கண். உள்ளே அழுத்தம் கூடி நரம்பு கெட்டுக்கொண்டே வரும் நோய். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் முடிந்தவரை காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அம்மா ரிட்டயராகும்வரை நர்ஸாக இருந்தவள். டாக்டர் சொல்லாமல் விட்டதையும் அவள் சேர்த்தே கேட்டுக்கொண்டாள்.

அவளுக்கு ஓரங்கள்தான் முதலில் போயின. எதிரே வருகிற ஸ்கூட்டர் தெரியும், பக்கத்துச் சந்திலிருந்து திரும்புகிற ஸ்கூட்டர் தெரியாது. ஆனால் எங்களைச் சுற்றியுள்ள நாலைந்து கிராஸ்களுக்குள், அந்தக் குறுக்குத் தெருக்களுக்குள், அவளுக்குக் கண் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பால் பூத், மருந்துக்கடை, சர்ச் எல்லாம் காலுக்கே தெரிந்திருந்தன. அப்பா போன பிறகு அவள் தனியாகப் போய்வரும் இடங்களும் அவ்வளவுதான். எனக்கு வேண்டியது இந்தத் தெருக்களுக்குள் தரைத்தளத்தில் ஒரு வீடு. அதுவும் அவளுக்குக் கொஞ்சமாவது பார்வை இருக்கும்போதே. புதிய ஏரியாவில் புதிய வழிகளைப் பழக அவளுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஏஜென்டுகளைப் பேட்டி எடுப்பதுபோல் போய்ப் பார்த்தேன். தரைத்தளம்தான் வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒருவர், "லிஃப்ட் இருக்கே மேடம்" என்று மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போனார். இன்னொருவர் துணைக்கு வந்த ஆபீஸ் நண்பனின் முகத்தைப் பார்த்தே பேசினார். வீடு வாங்குவது நான் என்று அவன் சொன்ன பிறகும் அப்படியே பேசினார். கடைசியாகப் பார்த்தது ஒரு பெண்மணியை. ஐம்பதை நெருங்கும் வயது. பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒற்றை அறையில் ஆபீஸ். கன்னடத்தில்தான் பேசினோம், வீட்டுக்கு வெளியே எனக்கு அதுதான் சரளம். பட்ஜெட்டைக் கேட்பதற்கு முன்னால், "அம்மாவுக்கு எந்தக் கண் பரவாயில்லை?" என்று கேட்டார். "பாத்ரூம் தரை ஒரு படி கீழே இருக்கிற வீடெல்லாம் வேண்டாம். ரூமுக்கு ரூம் நிலைப்படி இருந்தாலும் வேண்டாம். பார்த்துச் சொல்றேன்." பட்டியலில் மற்ற எல்லோர் பெயரையும் அடித்துவிட்டேன். தேர்வு முடிந்தது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். ஆறாவது கிராஸில் ஒரு தனி வீடு. சொந்தக்காரர் பெங்களூரில் இருக்கிறார், தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் சாவி கொடுத்து வைத்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு திருப்பம்தான். சனிக்கிழமை காலை மூன்று பேரும் போனோம். அவர் கேட்டுக்கு முன்னால் நின்று கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

அம்மா கேட்டின் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னாள். "அட, இதுவா? மளிகைக் கடைக்காரர் காட்டின வீடாச்சே இது!"

பூட்டுவரை போன கை நின்றது. "எப்போம்மா காட்டினார்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"போன வாரம். தேங்காய் வாங்கப் போனேன். வீடு தேடறீங்களாமேன்னு கேட்டு, பையனைக் கடையில உட்கார வச்சிட்டுச் சாவியோட வந்தார். ஹால், சமையல் ரூம் எல்லாம் தொட்டுப் பார்த்தேன். எங்கேயும் படி இல்லை." என் பக்கம் திரும்பி, "உன்கிட்டே சொல்ல மறந்துட்டேன்டி" என்றாள்.

அவர் சாவியைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார். "அப்படின்னா நான் திறக்க முடியாது மேடம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு பார்ட்டிக்கு ஒரு வீட்டை யார் முதலில் காட்டுகிறாரோ, அந்தப் பார்ட்டிக்கு அந்த வீடு அவர் மூலமாகத்தான். "நான் இப்போ திறந்தா அவரோட பார்ட்டியை இழுத்தேன்னு ஆகும். நாளைக்கு என் பார்ட்டியை அவர் இழுப்பார். எல்லாரும் இந்த நாலு கிராஸ்லதானே பிழைக்கணும்?"

"அவரோட நாங்க எதுவும் பேசலையே. நாங்க உங்களைத்தானே தேர்ந்தெடுத்தோம்?"

"என்னைத் தேர்ந்தெடுத்தீங்க, சரி. முதல்ல காட்டினது அவராச்சே."

அம்மா குறுக்கே வந்தாள். "எனக்குத்தான் கண்ணே சரியாத் தெரியாதே. அப்புறம் நான் எப்படிப் பார்த்ததா ஆகும்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவின் தோளில் தட்டிக்கொடுத்தார். ஆனால் சாவி வெளியே வரவில்லை.

மளிகைக் கடைக்காரர் மாநில எல்லையோர ராமாபுரத்துப் பக்கத்துக்காரர். வாசலில் ஒரு சிலேட்டில் சாக்பீஸால் வீடு விற்பனை, வாடகை என்று எழுதி வைத்திருப்பார். அவரை நான் ஏஜென்டாக நினைத்ததே இல்லை. அம்மாவுக்கு அவரைப் பிடிக்கும், தமிழில் பேசிக்கொண்டே சாமான் வாங்கலாம். அன்று மாலை நான் போவதற்குள் சேதி அவருக்கு எட்டியிருந்தது.

"வாங்கம்மிணி. அந்தம்மா பூட்டத் தொறக்க மாட்டேன்னுட்டாங்களாமா? நல்ல மனுசிங்க, தொழில் மொறை தெரிஞ்சவங்க." அடுத்த மூச்சிலேயே, "ஓனரு ஆஷாடம் முடியட்டுங்கறாருங்க. இந்த மாசத்துல அவுங்க அட்வான்ஸ் வாங்க மாட்டாங்க" என்றார்.

சொந்தக்காரரின் நம்பரை எப்படியோ வாங்கி நானே பேசினேன். "உங்களுக்குக் காட்டினவரோட வாங்க, பேசிக்கலாம்" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

காத்திருந்தோம். கன்னடத்து ஆஷாடம் முடிந்த மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். அவர் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஆஷாடம் முடிஞ்சிடுச்சு அண்ணா. இன்னிக்கே பேசிடலாமா?"

"அவுங்களுக்கு முடிஞ்சிருச்சுங்க. நம்முளுக்கு ஆடியல்ல நடக்குது? ஆடியில வீட்டுப் பேச்சு நான் எடுக்கறதில்லீங்க. ஆவணி பொறந்த மொத நாளு நானே கூட்டிட்டுப் போறனுங்க."

"நாங்க கிறிஸ்டியன். எங்களுக்கு ஆஷாடமும் இல்லை, ஆடியும் இல்லை."

"உங்களுக்கு இல்லீங் கண்ணு. எனக்கு இருக்குதல்லோ?"

வீட்டுக்கு வந்து, இனி என்னென்ன செய்யலாம் என்று எழுதினேன். நேரே சொந்தக்காரரிடம் போகலாம். அது ஏற்கெனவே நடக்கவில்லை. வேறு ஏஜென்ட் மூலம் போகலாம். யாரும் திறக்க மாட்டார்கள். அந்தப் பெண்மணியிடமே மறுபடி கேட்டேன். "விட்டுக்கொடுத்துட்டேன்னு அவர் வாயால ஒரு வார்த்தை வரட்டும், அன்னைக்கே வர்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத் திரும்பவும் கடைக்குப் போனேன். அவர் முகம் வாடிவிட்டது. "ஆவணி வரைக்கும் பொறுக்கக் கூடாதுங்களா? ஊடு எங்கீங்க ஓடிப்போகுது?" என்றார். அம்மாவும், "விடுடி, பாவம், அவர் மனசு நோகும்" என்று சொல்லிவிட்டாள். எழுதியதில் மிச்சம் இருந்தது காத்திருப்பது மட்டும்தான். அதையும் எழுதினேன்.

இதற்கிடையில் அம்மா ஒரு வேலை தொடங்கியிருந்தாள். ஒருநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது தற்செயலாகப் பார்த்தேன். காம்பவுண்டுச் சுவர்களை இடது கையால் தடவிக்கொண்டே ஆறாவது கிராஸுக்குள் நடந்துகொண்டிருந்தாள். சாக்கடைப் பலகை உடைந்த இடத்தில் நின்று, செருப்பு நுனியால் துழாவி, சுற்றிக்கொண்டு போனாள். ஒரு மரத்தின் வேர் பிளாட்பாரத்தைத் தூக்கியிருந்த இடத்தில் காலை உயர்த்தி வைத்தாள். அந்தக் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். என்னம்மா இது என்றதற்கு, "இப்பவே பழகிக்கிறேன். அப்புறம் நீ ஆபீஸில உட்கார்ந்துக்கிட்டு என்னை நினைச்சுப் பயப்படக் கூடாதில்லே?" என்றாள். தினமும் சாயங்காலம் போகிறாளாம்.

ஆவணிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆபீஸ் கேன்டீனில் இருந்தபோது அந்தப் பெண்மணியிடமிருந்து போன் வந்தது.

"வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது மேடம், நானே சொல்லணும். அந்த வீடு முடிஞ்சுபோச்சு. என் பார்ட்டிதான்."

"உங்க பார்ட்டியா?"

"உங்களுக்கு முன்னாடியே அவங்களுக்குக் காட்டியிருந்தேன். அப்போ வேண்டாம்னாங்க. ஆஷாடம் போய் ஷ்ராவணம் பிறந்ததும் திரும்பி வந்து, நேத்து அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க. நான் வேண்டாம்னு சொல்ல முடியாது."

அன்று பைக்குள் போட்ட அதே சாவியா என்று கேட்டேன். ஆமாம் என்றார். யாரைக் கோபித்துக்கொள்வது என்று யோசித்துப் பார்த்தேன். அவர் முறைப்படிதான் நடந்தார். கடைக்காரரும் முறைப்படிதான் நடந்தார். சொந்தக்காரர் தன் மாதம் முடிந்ததும் விற்றார். போன் செய்து சொன்னதற்கு நன்றி என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

கடைக்காரர் நிஜமாகவே கலங்கிப்போனார். "ஆவணிக்கு ஒரு வாரந்தானுங்களே இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போதும் அந்தப் பெண்மணிதான் எங்கள் ஏஜென்ட். அவரைவிட நல்லவர் எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டிப்போகும் முன், "இதை யாராவது காட்டியிருக்காங்களா?" என்று அம்மாவைக் கேட்கிறார். இல்லை என்கிறாள் அம்மா. எல்லாம் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீடுகள், அங்கே எங்களுக்கு யார் காட்டியிருக்கப் போகிறார்கள்? எல்லாம் தரைத்தளம், எதிலும் நிலைப்படி இல்லை. அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறாள். பால் எங்கே வாங்குவது என்று கேட்கிறாள். அவர் கையைத் தூரத்தில் எங்கோ காட்டுகிறார். அம்மா அந்தத் திசைக்குத் தலையாட்டுகிறாள்.

சாயங்கால நடையை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன வியாழக்கிழமை திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்று வலது கையைத் தனியாக நீட்டிப் பிடித்திருந்தாள்.

"கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்கடி. தெரியாமத் தொட்டுட்டேன். பிசுபிசுன்னு ஒட்டுது." விளக்குக்கு நேராக உள்ளங்கையைத் திருப்பினாள். "என்ன கலரு இது?"

"பச்சை" என்றேன்.

"நல்ல பச்சையா?"

"நல்ல பச்சைதான்மா."

தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டேன்.