ஒரே ரேட்டுக்காரர் வீட்டு ஐந்நூறு

மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பெயின்டிங் கான்ட்ராக்டரைப் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஒரே ரேட்டுக்காரர் என்றால் வாட்ச்மேன் முதல் தண்ணீர் லாரிக்காரன் வரை கை காட்டுவார்கள். சுவரைப் பார்ப்பார், நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டுவார், சதுர அடிக்கு இவ்வளவு என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க" என்று இளிப்பவர்களிடம், "பார்த்துத்தான் சொன்னேன், எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். முக்கால்வாசிப் பேர் படியிறங்கி ஓடிவந்துதான் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பன்னிரண்டு வயதில் உப்புத்தாளைப் பிடித்துச் சுவர் தேய்க்கப் போனார். முப்பது வயதில் இதே கட்டடத்தின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்தார். நாற்பத்தைந்தில் இதே கட்டடத்தில் வீடு வாங்கினார், கடன் கிடன் இல்லாமல். அன்றைக்குத் தொங்கிய இடத்துக்கு நேர் உள்ளே இன்றைக்குக் கட்டில் போட்டுப் படுக்கிறார். அந்த ஆறு மாடியில் இப்படிச் சொல்லிக்கொள்ள வேறு எவனால் முடியும்? மற்றவர்கள் படித்தார்கள், வேலை கிடைத்தது, முதல் தேதியானால் சம்பளம் வந்து விழுந்தது. அதில் என்ன சாமர்த்தியம்!

அந்தப் படித்த கூட்டம் அவரைத் தேடி வருவது எங்காவது ஒழுகினால்தான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மாடிப் பல் டாக்டர் வீட்டுக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, "உட்காருங்க சார்" என்றபோது, அவர் முதலில் அண்ணாந்து சீலிங்கைத்தான் பார்த்தார். கறை எதுவும் இல்லை.

விஷயம் வேறு. பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்குக் கொடுக்கும் காசு. டாக்டருக்கு ஒரு பையன். நாலாம் மாடிப் பேராசிரியருக்கு ஒரு பெண். ஐந்தாம் மாடியில் இன்சூரன்ஸ் ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்க்கும் அம்மாவுக்கு ஒரு பையன். ஒரே ரேட்டுக்காரருக்குக் கடைசிப் பெண். நாலும் பதினைந்து வயது, ஒரே பள்ளிக்கூடம், ஒரே வேன். வேனில் போகும்போது உங்க வீட்ல எவ்வளவு, எங்க வீட்ல எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் உயிரை எடுக்கின்றனவாம்.

பேராசிரியர் நாலு பக்கம் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். வயதை எதாலோ பெருக்கி, வருமானத்தில் சதவீதம் எடுத்து, பொறுப்புணர்ச்சிக்குத் தனி மதிப்பெண் போட்டு, ஒரு பிள்ளைக்கு அறுநூற்று முப்பத்தேழரை என்று முடித்திருந்தார்.

"அரைக்கு எங்க சார் போறது?" என்றார் ஒரே ரேட்டுக்காரர். "மாசம் ஐந்நூறு. நாலு வீட்லயும் ஐந்நூறு. முடிஞ்சுது."

வாயைப் பிளந்தார்கள். நாலு பக்கம் வீணாகப் போன வருத்தம் பேராசிரியர் முகத்தில் அப்பியிருந்தாலும் அவரும் தலையாட்டினார்.

"ஆனா ஒண்ணு" என்றார் ஒரே ரேட்டுக்காரர். "எங்க கான்ட்ராக்டர் சங்கத்துலயும் ஒரு தடவை இப்படித்தான் ரேட்டு பேசினோம். டீ வர்றதுக்குள்ள நாலு பேரு வராந்தால நின்னு போன்ல ரேட்டைக் குறைச்சிட்டிருந்தானுங்க."

"அது உங்க தொழில்ல. நாங்கல்லாம் அப்படியில்லைங்க" என்று இன்சூரன்ஸ் அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரே ரேட்டுக்காரருக்குச் சுருக்கென்றது.

"சரி மேடம். நான் வார்த்தை குடுத்தாச்சு. என் வீட்ல மாறாது."

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம் அளந்தார். "நாற்காலி போட்டு உட்கார வச்சு என்கிட்ட ரேட்டு கேட்டானுங்க! ஆனா தாங்கமாட்டானுங்க. ஒரு ரேட்டை உடைக்கிறதுக்கு ஒண்ணுமே பண்ண வேண்டாம். 'அடுத்தவன் ஏற்கனவே உடைச்சிட்டான்'னு ஒவ்வொருத்தன் காதுலயும் தனித்தனியா ஊதினாப் போதும். எவனும் போய் விசாரிக்க மாட்டான். அவனவன் அமுக்கமா வேலையைக் காட்டிடுவான்."

"சாப்பிடுறப்ப சங்கக் கதை வேண்டாங்க" என்றார் மனைவி. எதிரில் உட்கார்ந்திருந்த மகள் மட்டும், "அப்புறம் என்னாச்சுப்பா?" என்று கேட்டாள். தன் பெருமையைக் கேட்க வீட்டில் ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று அவரும் முழுக் கதையையும் சொன்னார்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரே ரேட்டுக்காரருக்கு ஒரு கோட்டு அடித்த சுவரை இரண்டு கோட்டு என்று காட்டினாலே கண்டுபிடிக்கத் தெரியும், இது தெரியாதா? டாக்டர் பையன் காதில் புது ஹெட்போன். கேட்டால் மாமா வாங்கிக் கொடுத்தாராம். பேராசிரியர் தன் பெண் புத்தகம் படித்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கொடுக்கிறாராம், அது கைச்செலவில் சேராதாம். இன்சூரன்ஸ் அம்மா போன் ரீசார்ஜைத் தனிக் கணக்காக்கிவிட்டார். ரேட்டு அதேதான், சாரம் கட்டுற கூலி மட்டும் தனி என்று பில் போடும் கான்ட்ராக்டர்களை அவர் நூறு பேர் பார்த்திருக்கிறார். அந்தத் திருடர்களாவது முதல் வகுப்பில் தேறியவர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

அவர் மகளோ ஐந்நூறை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தாள். வளர்ப்பு என்றால் இது!

மூன்றாவது மாதக் கடைசியில் அவரே கூட்டத்தைக் கூட்டினார். டாக்டர் வீட்டு நாற்காலியில் இந்தத் தடவை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஹெட்போன், பக்கக் கணக்கு, ரீசார்ஜ் என்று ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்தார்.

"படிச்ச படிப்பெல்லாம் எதுக்கு? ஒரு ஐந்நூறைக் கட்டிக் காப்பாத்தத் துப்பில்லை!"

இன்சூரன்ஸ் அம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "முதல்ல உடைச்சது யாருங்க? உங்க வீட்ல எண்ணூறுன்னு என் பையன் அப்பவே சொன்னான்."

"எண்ணூறா? ஆயிரம்னு சொன்னா என் பொண்ணு" என்றார் பேராசிரியர்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஆயிரத்து இருநூறுன்னு தகவல்."

ஒரே ரேட்டுக்காரரின் கால் தானாகக் கீழே இறங்கியது. இத்தனை வருடம் கட்டிக் காத்த பேச்சு. ஒரு பைசா ஏற்றி இறக்கியதில்லை. இந்த மூன்று பேர் வாயில் அது மூன்று விதமாகச் சந்தி சிரித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் மூன்று மாதமாக! போனை எடுத்தார். "பாப்பா, டாக்டர் வீட்டுக்கு வா. இப்பவே."

மகள் வந்தாள். நடுங்கவில்லை, மழுப்பவுமில்லை. ஒரே ரேட்டுக்காரர் வீட்டில் ஏறிவிட்டது என்று நாலு பேரும் பேசிவைத்துத்தான் மற்ற மூவரும் அவரவர் வீட்டில் சொன்னார்கள். யோசனை அவளுடையது. கூடுதலாக வந்ததையெல்லாம் ஒன்றாகப் போட்டு நாலாகப் பிரித்துக்கொண்டார்கள்.

"என் பேரைக் கெடுத்திருக்கியே!" என்று அவர் எழுந்தேவிட்டார்.

"அப்பா, இவங்கள்ல யாராவது உங்ககிட்ட வந்து நிஜமான்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ பண்ணினது தப்பு. வீட்டுக்கு வா, வச்சுக்கிறேன்" என்று மகளிடம் சொன்னவர், மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "ஒரு மாடி ஏறி இறங்கினா தெரிஞ்சிருக்கும். கேக்க வெட்கம், ஏன்னா நீங்களும் ஏத்தப்போறீங்க. நாலு வாண்டுங்க பேசின பேச்சை மூணு மாசம் காப்பாத்தியிருக்கு. ஒண்ணுகூட வீட்ல போய் உளறலை. நீங்க மூணு வாரம் தாங்கலை. தூ!"

"இப்ப ரேட்டு என்னன்னு வச்சுக்கலாம்?" என்று டாக்டர் மெல்லக் கேட்டார்.

"உங்க பிள்ளைங்களைக் கேளுங்க. அதுங்களுக்குத்தான் சங்கம் நடத்தத் தெரியுது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் முதல் தேதி. வேலைக்குக் கிளம்பும்போது மகள் வழக்கம்போல வந்து நின்றாள்.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு வந்து நிக்கிறே? இந்த மாசம் கிடையாது."

"சரிப்பா." அவள் நகரவில்லை. "வேன்ல கேட்டா அப்பா இந்த மாசம் குடுக்கலைன்னு சொல்லிடட்டா? மேல இன்சூரன்ஸ் ஆன்ட்டி வரைக்கும் போயிடும். பரவாயில்லையா?"

அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "சொல்லு, சொல்லு. ஒரே ரேட்டுக்காரர் ரேட்டை மாத்திட்டார்னு சொல்லு."

"நீ சும்மா இரு!" ஒரே ரேட்டுக்காரர் பல்லைக் கடித்தார். வேறு எவனாவது இப்படி மடக்கியிருந்தால் ஏணியோடு நடந்திருப்பார். சொந்த வீட்டிலிருந்து எங்கே நடப்பது? வார்த்தை கொடுத்தாகிவிட்டது. பையிலிருந்து ஒற்றை ஐந்நூறு தாளை எடுத்து நீட்டினார்.

"சில்லறையாக் குடுங்கப்பா. நூறு, அம்பது, இருவது, அஞ்சு எல்லாம் கலந்து. நாலாப் பிரிக்கணும்."

"இன்னும் எதுக்குடி பிரிக்கணும்? குட்டுத்தான் உடைஞ்சு போச்சே!"

"அவங்க மூணு பேருக்கும் நேத்தோட சுத்தமா நிறுத்திட்டாங்க. வர்றதை நாலாப் பிரிக்கிறதுன்னு பேசியிருக்கோம். பேசினா பேசினதுதானே?"

கீழே இறங்கி, மூலைக் கடையில் தாளை மாற்றி, மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து கொடுத்தார். ஆளுக்கு நூற்று இருபத்தைந்து. ஒன்று டாக்டர் பிள்ளைக்கு, ஒன்று பேராசிரியர் பெண்ணுக்கு, ஒன்று இன்சூரன்ஸ் அம்மா மகனுக்கு. இத்தனை பட்டம் வாங்கியவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த மாதம் படியளந்தது, ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு பெயின்ட்காரர்.