மயில் சுவர்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் வீட்டில் லங்சிர் பேச்சு தொடங்கிவிடும். லங்சிர் என்றால் ஜன்னல் திரை. கிள்ளானில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அதற்கான தமிழ்ச் சொல் சட்டென்று வாயில் வராது. முறுக்கைக் கடையில் வாங்கினால்கூட மன்னித்துவிடுவார்கள். போன வருடத்து லங்சிரையே இந்த வருடமும் தொங்கவிட்டால் மட்டும், அந்த வீட்டில் என்னவோ சரியில்லை என்று எங்கள் தாமான் குடியிருப்பின் மூன்று வரிசை வீடுகளிலும் பேச்சாகிவிடும்.

அம்மாவும் வருடம் தவறாமல் மாற்றுவாள். ஆனால் அவள் வாங்குவது எப்போதும் ஒரு மங்கிய பழுப்பு. அழுக்குத் தெரியாது என்பாள். பழைய பழுப்பை இறக்கிப் புதிய பழுப்பை ஏற்றுவதில் எனக்கு ஒரு சுவாரசியமும் இருந்ததில்லை.

எனக்கு எட்டு வயதான வருடம் அவள் லிட்டில் இந்தியாவிலிருந்து இரண்டு பெரிய பைகளோடு வந்து இறங்கினாள். முதல் பையிலிருந்து சிவப்புத் துணி வந்தது. சும்மா சிவப்பு இல்லை, பையைப் பிரித்ததும் கூடத்தில் யாரோ விளக்குப் போட்டதுபோல ஒரு சிவப்பு. அதில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு மஞ்சள் சூரியகாந்திகள். இரண்டாவது பையில் சுருள் சுருளாகச் சுவரில் ஒட்டும் தாள்கள். அம்மா ஒன்றைத் தரையில் உருட்டிவிட்டாள். அது விரிந்துகொண்டே போனது. என்னைவிட உயரமான நீல மயில்கள், ஒன்றன்பின் ஒன்றாக, தோகையை விரித்துக்கொண்டு வெளியே வந்தன. நான் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு அழகு எங்கள் வீட்டுக்குத் தாங்குமா என்று பயமாகக்கூட இருந்தது.

இத்தனை பளிச்சென்ற நிறங்களுக்குக் காரணம் அப்பாவின் கண். துறைமுகத்துக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தவருக்குச் சர்க்கரை நோய் கண்ணில் இறங்கிவிட்டது. லோரியை விட்டுவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். முக்கியமாக, பிரிக்பீல்ட்ஸில் இருந்த பெரியப்பாவுக்குத் தெரியவே கூடாது. பெரியப்பா நல்ல மனிதர்தான். ஆனால் பரிதாபப்பட ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. தீபாவளியன்று எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்குச் சொந்தம் மொத்தமும் வரும். அன்று யார் கையையும் பிடிக்காமல், தன் வீட்டில் தானே நடந்து எல்லாரையும் வரவேற்க வேண்டும். அப்பா ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

"பெருசா, பளிச்சுன்னு இருந்தா அவருக்குத் தெரியும்லா," என்று அம்மா என்னிடம் சொன்னாள். "இந்தப் பழுப்புலதான் எல்லாத்துலயும் போயி முட்டிக்கிறாரு. நீ வெளிய யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது."

நான் விடவில்லை. சனி ஞாயிறுகளில் ஒட்டும் வேலை நடந்தது. அம்மா ஸ்டூலில் ஏறி, தாளின் பின்பக்கத்தை உரித்து, மேலிருந்து ஒட்டிக்கொண்டே இறங்குவாள். உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழிகளை என் பள்ளிக்கூட அடிக்கோலால் தேய்த்து வெளியே தள்ளுவது என் வேலை. கூடத்துச் சுவரில் மயில்கள் ஏறின. சமையலறை வாசலைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். படுக்கையறையில் பச்சைப் பசேலென்று வாழையிலைகள். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை எங்கள் பக்கமே வைத்திருப்பார். ஒவ்வொரு தாள் ஏறியதும் அம்மா இறங்கி நின்று சொல்லுவாள்.

"இது தோகைய விரிச்சிருக்குங்க. நல்ல நீலம். கழுத்துல மட்டும் பச்ச ஓடுது. ஒரு காலத் தூக்கிக்கிட்டு நிக்குது. தெரியுதா?"

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெரியுது, தெரியுது. அடுத்தது என்னா?" என்பார்.

ஒரே ஒரு தப்பு நடந்தது. மிச்சத் தாளை வீணாக்க மனம் வராமல் அம்மா படுக்கையறையை ஒட்டிய குளியலறைக் கதவிலும் வாழையிலையை ஒட்டிவிட்டாள். சுவர் எது, கதவு எது என்று எனக்கே பிடிபடவில்லை. மறுநாள் காலையில் அப்பா இலைகளைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். "நான் குளிக்கணும். யாராச்சும் காட்டுக்குள்ள வந்து வழி காட்டுங்க," என்றார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா கதவுக்குச் சிவப்புத் துணி தைத்து மாட்டினாள்.

வீடு முடிந்த அன்று நான் பள்ளி விட்டு வந்து வாசல் கேட்டருகே நின்றுவிட்டேன். ஜன்னல் இரண்டிலும் சூரியகாந்தி. திறந்த கதவு வழியே மயில்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பார்த்து, கல்யாண மண்டபமா கட்டுறீங்க என்று கேட்டார். கேலி என்று எனக்கு உறைக்கவில்லை, பெருமையாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

தீபாவளியன்று காலை, அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தபோது, முதல் நாள் மழையில் ஊறிய மூலைச் சுவரிலிருந்து ஒரு மயில் அப்படியே கழன்று விழுந்தது. திருப்பி ஒட்டிப் பார்த்தோம், பிடிக்கவில்லை. அம்மா மிச்சமிருந்த சூரியகாந்தித் துணியை மேலிருந்து கீழ்வரை ஆணியடித்துத் தொங்கவிட்டாள். அதற்குள் வாசலில் கார் சத்தம் கேட்டது. அப்பாவிடம் சொல்ல நேரமில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அத்தனை பெரிய சிவப்பு தெரியாமலா போகும்?

அன்று அப்பா நடந்ததை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதுச் சட்டையில் கேட்டுவரை தானே போய்ப் பெரியப்பாவின் கையைக் குலுக்கினார். சோபாவைச் சுற்றி வந்தார். சமையலறைப் பட்டைகளுக்கு நடுவே சரியாக நுழைந்து வெளியே வந்தார். பிறகு அருங்காட்சியகத்தில் சுற்றிக் காட்டுபவரைப் போலச் சொந்தங்களை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு மயிலாகக் காட்டினார். இது தோகை விரித்தது, இது ஒற்றைக் காலில் நிற்பது, இது குஞ்சைப் பார்ப்பது. ஒன்றுகூடத் தப்பவில்லை. சுவர்கள் அப்பாவின் கண்ணைச் சரியாக்கிவிட்டன என்றே முடிவு செய்துவிட்டேன். அதில் என் அடிக்கோலுக்கும் பங்குண்டு.

அப்பா மூலைக்கு வந்தார். கையை நீட்டி, "இதுதான்ணே ராஜா. கழுத்தப் பாருங்க," என்றார்.

"இங்க ஏதுடா மயிலு? செகப்புத் துணியில்ல தொங்குது," என்றார் பெரியப்பா.

ஒரு நொடிதான். "மயிலுக்குத் தீபாவளி லீவுண்ணே. ஊருக்குப் போயிருச்சி," என்றார் அப்பா.

வீடே சிரித்தது. பெரியப்பா அப்பாவின் முதுகில் தட்டினார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அம்மா மட்டும் கையில் குளிர்பானத் தட்டோடு, சிரிக்காமல், அப்பாவின் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசிக் கார் போனபிறகு அவள் அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தத் துணியின்மேல் வைத்தாள். "இந்தச் செகப்புகூடத் தெரியலயா?"

"பாதி மயிலு ஒட்டுறப்பவே எல்லாம் பொகையாப் போச்சி," என்றார் அப்பா. அடிகளை எண்ணி எண்ணித்தான் அன்று நடந்திருக்கிறார்.

"அப்ப தெரியுது தெரியுதுன்னீங்க?"

"நீ ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வந்தியே. கேக்க நல்லாருந்துச்சி."

நான் அதிரசத்தை வைத்துவிட்டு அழுதேன். அப்பாவுக்காக அழுதேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஏமாந்த கோபம். அத்தனை குமிழிகளைத் தேய்த்ததும் வீண் என்று.

அடுத்த வருடம் தீபாவளிக்கு முன் அம்மா என்னையும் துணிக்கடைக்குக் கூட்டிப்போனாள். எனக்கு ஒன்பது வயது, விவரம் வந்துவிட்டதாக நினைப்பு. "அப்பாவுக்குத்தான் ஒண்ணும் தெரியாதேம்மா. அந்தப் பழுப்பே வாங்கிட்டுப் போலாம்," என்றேன்.

"பழுப்ப வாங்கிட்டுப் போயி அவருகிட்ட என்னத்தச் சொல்றது?" என்றாள் அம்மா.

இதெல்லாம் ஒரு பதிலா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் கடைக்கார அண்ணனிடம் ஒரு துணியை முழுவதும் பிரித்துக் காட்டச் சொன்னாள். கருநீலத்தில் வெள்ளை யானைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் தங்கப் பட்டம். அதன் முன்னால் நின்று, உதடுகள் மெல்ல அசைய, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாகப் பார்த்துக்கொண்டே போனாள். யானைகளை எண்ணுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.